இருண்ட திரை

கணினியின் திரை திடீரென்று இருண்டுபோதல் மாணாக்கரும் ஆசிரியரும் ஒருங்கே அறிந்ததொரு துன்பம். ஆய்வேட்டை மறுநாட் காலையில் ஒப்புவித்தல் வேண்டும்; எழுதிய பக்கங்கள் நாற்பதைக் கடந்துவிட்டன; அவ்வமயத்தில் திரை கரும்பலகை போலாகி ஒன்றும் தோன்றாதொழிகின்றது. அது கண்டு நெஞ்சம் பதறிக் கணினியை அக்கணமே அணைத்துவிடுவார் சிலர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் விரைவார் சிலர். எல்லாம் போயிற்றென்று கையை விரித்து உட்கார்ந்துவிடுவார் வேறு சிலர். இம்மூவகையாரும் செயலில் வேறுபட்டாரேனும் கருத்தில் ஒன்றுபட்டவரே. திரை இருண்டமையின் கணினி அழிந்தது, கணினி அழிந்தமையின் அதனுள் எழுதி வைத்தனவும் அழிந்தன என்பதே அவர்தம் கருத்து. இக்கருத்துப் பெரும்பாலும் பிழைபட்டது என்பதையும், இருளுக்குரிய காரணத்தை நாமே ஒழுங்குபடத் தேடிக் காணுமாற்றையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

மானிட்டர் எனப்படும் திரை, கணினியின் முகம் போன்றது. கணக்கிடும் வேலை பிராசஸரில் நிகழ்கின்றது. சேமித்த எழுத்துக்கள் ஹார்டு டிஸ்க்கிலோ, எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திலோ தங்குகின்றன. திரையோ அங்கு நிகழ்வதை நமக்குக் காட்டுவது மட்டுமே. சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடி மங்கியதாயின் முள் நின்றுவிட்டதென்று யாரும் முடிவு செய்யார். திரையைப் பொறுத்த அளவிலும் அந்நிதானமே வேண்டற்பாலது.

முதற்கண் படம் திரைக்கு வந்து சேரும் வழியினை அறிந்துகொள்வோம். கணினியின் தாய்ப்பலகையாகிய மதர்போர்டிலேனும், தனியே பொருத்திய கிராபிக்ஸ் கார்டிலேனும் படம் உருவாகின்றது. பின்னர் ஒரு கேபிள் வழியாக மானிட்டரை அடைகின்றது. அங்குள்ள சிறு சுற்றுப்பலகை அதனைப் பெற்றுத் திரவப் படிகத் தகட்டிற்குப் பகிர்ந்தளிக்கின்றது. திரவப் படிகத்தின் இயல்பை 1888ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுத் தாவரநூலறிஞர் பிரீட்ரிக் ரைனிட்சர் முதன்முதலிற் கண்டறிந்தார். அப்படிகம் தானாக ஒளி வீசுவதன்று; பின்னாலிருந்து வரும் ஒளியை ஓரிடத்திற் செலவிட்டும் ஓரிடத்தில் தடுத்தும் நிற்பது. ஆதலின் தகட்டின் பின்னே பின்னொளி ஒன்று இன்றியமையாததாயிற்று. பழைய மானிட்டர்களில் மெல்லிய குழல்விளக்குகளும், பிற்காலத்தனவற்றில் எல்.இ.டி. விளக்குகளும் அப்பின்னொளியைத் தருகின்றன.

எனவே மின்சாரம், கணினி, கேபிள், மானிட்டரின் சுற்றுப்பலகை, படிகத்தகடு, பின்னொளி என்னும் ஆறும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போல் அமைந்துள்ளன. இவற்றுள் எக்கண்ணி அறினும் நம் கண்ணுக்குப் புலப்படுவது ஒரே இருள்தான். நோய் பலவாயிருக்கக் குறி ஒன்றாயிருத்தலே இதன்கண் உள்ள இடர்ப்பாடு. அறுந்த கண்ணி எது என்று காண்பதே நம் வேலை. அதற்கு விதிகள் இரண்டு உள. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும் என்பது முதல் விதி. ஐயத்திற்குரிய பொருளை எடுத்துவிட்டு, நன்னிலையில் உள்ளதென்று முன்னரே தெரிந்த பொருளை அவ்விடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதி. மூன்றை ஒருங்கே மாற்றிவிட்டுத் திரை ஒளிர்ந்ததாயின், எதனால் ஒளிர்ந்தது என்பது மறைந்துபோம். குறை மறுபடியும் வருங்கால் தேடல் தொடக்கத்திற்கே திரும்பும்.

எழுதியதைக் காத்தல்

வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டதாயின், ஆராய்ச்சிக்கு முன்னர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கணினியை அணைத்தலாகாது. மௌஸை அசைத்தும் விசையொன்றைத் தட்டியும் சிறிது பொறுத்துப் பார்த்தல் வேண்டும்; மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் பொருட்டுத் திரை உறங்கியிருத்தலும் கூடும். அதற்கும் எழாதாயின் விசைப்பலகையிலுள்ள கேப்ஸ் லாக் விசையை அழுத்துக. அதற்குரிய சிறு விளக்கு ஏறியும் இறங்கியும் மாறுமாயின் கணினி உயிரோடிருக்கின்றது. நம் கட்டளைகளையும் கேட்கின்றது. அந்நிலையில் கண்ட்ரோல் விசையோடு எஸ் விசையைச் சேர்த்து அழுத்தினால், முன்னரே பெயரிட்டுச் சேமித்த கோப்பு இருளிலேயே சேமிக்கப்பட்டுவிடும். எழுதிக்கொண்டிருந்த பக்கமே திரையின் முன்னணியில் இருந்திருத்தல் வேண்டும் என்பது மட்டும் இதற்குரிய நிபந்தனை.

பெயரிடாத கோப்பாயின் இவ்வுபாயத்தை நம்புதற்கில்லை. அப்போது கணினியை ஓடவிட்டே வேறு திரையொன்றை இணைத்துப் பார்க்கலாம். எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளே போர்ட் என்னும் இணைப்புகளைக் கணினி ஓடும்போதே மாற்றுவதற்குத் தடையில்லை. எச்.டி.எம்.ஐ. துளையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி வீட்டில் இருப்பின் அதுவே தக்க மாற்றுத் திரையாகும். கணினியின் பவர் பொத்தானை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தல் சேமிக்காத எழுத்தையெல்லாம் அழித்துவிடும் ஆதலின், அதனைக் கடைசி வழியாகவே கொள்ளல் வேண்டும். நிற்க.

முதல் வினா: மானிட்டர் விழித்திருக்கின்றதா?

மானிட்டரின் விளிம்பில் ஒரு சிறு விளக்கு உண்டு. அது சிறிதும் எரியாதாயின் மின்சாரம் வந்து சேரவில்லை என்பதே முதல் ஐயம். சுவரிலுள்ள ஸ்விட்ச், நீட்டிப்புப் பெட்டி, யு.பி.எஸ்., மானிட்டரின் பின்புறத்துப் பிளக் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். மேசை விளக்கொன்றை அதே துளையிற் செருகிப் பார்த்தால் துளையின் நிலை விளங்கிவிடும். கணினிப் பெட்டிக்குச் செல்லும் மின்வடமும் மானிட்டருக்குச் செல்லும் மின்வடமும் பல இடங்களில் ஒரே வகையினவாதலின், ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைத்து ஆராய்தலும் எளிது. தனி அடாப்டர் கொண்ட மானிட்டருக்கு மட்டும் அதன்மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு சற்றும் மாறாத அடாப்டரையே இணைத்தல் வேண்டும்.

விளக்கு எரிந்தும் திரை இருண்டிருந்தால், கணினியிலிருந்து வரும் படக் கேபிளை மானிட்டரினின்றும் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் அணைத்து மறுபடியும் போடுக. நலமாயுள்ள மானிட்டர் பெரும்பாலும் தயாரித்தோரின் பெயரையேனும், நோ சிக்னல் என்னும் அறிவிப்பையேனும் தானே காட்டும். மெனு பொத்தானை அழுத்தும்போது அமைப்புப் பட்டியல் தோன்றினாலும் அதுவே பொருள். இவற்றுள் ஒன்று தோன்றியவுடன் படிகத்தகடும் பின்னொளியும் குற்றமற்றவை எனத் தள்ளிவிடலாம். ஆறு கண்ணிகளுள் பாதி இவ்வொரு சோதனையால் விலகுகின்றமை காண்க.

ஒன்றும் தோன்றாதாயின், படக் கேபிளை மீண்டும் இணைத்து, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கின் ஒளியைத் திரையின்மேல் மிக அருகிற் சாய்வாகச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். எழுத்துக்களோ படங்களோ நிழல் போல மங்கித் தெரிந்தால் படிகம் தன் கடமையைச் செய்கின்றது. பின்னொளியே அவிந்தது என்று துணியலாம். பழைய குழல்விளக்கு மானிட்டர்களில் படம் ஓரிரு நொடி தோன்றிப் பின்னர் மறைதலும் பின்னொளிப் பகுதியின் குறையையே பெரும்பாலும் குறிக்கும். ஓ.எல்.இ.டி. வகைத் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பின்னொளி இல்லை. அவற்றிற்கு இச்சோதனை பொருந்தாது.

இரண்டாம் வினா: படம் வந்து சேர்கின்றதா?

மானிட்டர் விழித்திருந்து நோ சிக்னல் என்று கூறுமாயின், அது தன் குறையைக் கூறவில்லை. தனக்கு ஒன்றும் வந்திலது என்றே கூறுகின்றது. இனி வழியை ஆராய்தல் வேண்டும். கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மறுபடியும் அழுத்திச் செருகுக. இச்சிறு செயல் பல இடங்களிற் போதியதாகின்றது.

ஏன் என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். குறுக்கில் 1920 புள்ளிகளும் நெடுக்கில் 1080 புள்ளிகளும் கொண்ட திரையொன்றில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள. நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படுவதால் 12,44,16,000 புள்ளிகளின் செய்தி நொடிதோறும் செல்லுதல் வேண்டும். புள்ளியொன்றிற்கு 24 பிட் எனக் கொண்டால் நொடியொன்றிற்கு ஏறக்குறைய 299 கோடி பிட்டுகள் அம்மெல்லிய கேபிளின் வழியே ஓடுகின்றன. 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. இணைப்பில் படம் தொடர் மின்னலையாகச் சென்றது. அதன் தொடர்பு தளர்ந்தால் படம் மங்கும், அல்லது ஒரு நிறம் குன்றும். பிற்காலத்து எண்முறை இணைப்புகளிலோ, பிழை ஓர் எல்லையைக் கடந்தவுடன் படம் முழுவதுமே மறைந்துவிடுகின்றது. ஆகையால் அரைகுறையாகச் செருகிய கேபிளும் முழு இருளைத் தர வல்லது.

வி.ஜி.ஏ. முனையில் 15 ஊசிகளுக்கு இடமுண்டு. அவற்றுள் வளைந்தது ஏதேனும் உளதா என்று நோக்குக. ஒன்பதாம் ஊசி பல கேபிள்களில் தயாரிக்கும்போதே விடப்பட்டிருக்குமாதலின், அஃது இல்லாமை கண்டு ஒடிந்ததென்று மயங்கற்க. டிஸ்பிளே போர்ட்டை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் எளிய கேபிள்கள் ஒருதிசைப்பட்டன. கணினிப் பக்கம் டிஸ்பிளே போர்ட்டும் திரைப்பக்கம் எச்.டி.எம்.ஐ.யுமாக இருந்தாலன்றி அவை படத்தைக் கொண்டு செல்லமாட்டா.

அடுத்து நோக்கத்தக்கன மூன்று. மானிட்டரில் பல துளைகள் இருப்பின், நாம் கேபிளைச் செருகிய துளையையே அது பார்த்துக்கொண்டிருக்கின்றதா என்பதை மெனுவிற் காணுதல் வேண்டும். தனிக் கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கணினியாயின், கேபிள் தாய்ப்பலகையின் துளையில் இல்லாமல் கார்டின் துளையில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, மானிட்டரும் கணினியும் தம்முட் பேசிக்கொள்ளும் வழக்கம். 1994ஆம் ஆண்டு முதல் மானிட்டர்கள் தம் அளவு, ஆற்றல் முதலியவற்றை 128 பைட் கொண்ட சிறு குறிப்பாகக் கணினிக்கு அறிவிக்கும் முறை நிலவுகின்றது. அவ்வுரையாடல் இடையில் தடைப்படின், கணினி தன்னோடு திரை ஏதும் இணைக்கப்படவில்லை என்று கருதிவிடலாம். இரண்டையும் அணைத்து மின்வடங்களை ஒரு நிமிடம் கழற்றி வைத்து, முதலில் மானிட்டரையும் பின்னர் கணினியையும் தொடங்கினால் அது மீண்டும் அமைவதுண்டு.

கருத்தரங்கக் கூடங்களிற் சிறப்பாக நேர்வது ஒன்று உண்டு. புரொஜெக்டரில் மட்டும் படம் தோன்றுமாறு அமைத்த கணினி, புரொஜெக்டர் அணைந்த பின்னும் அதனையே நம்பி மேசைத்திரையை இருட்டாக விட்டிருக்கலாம். விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி அவ்வமைப்பை மாற்றுதல் கூடும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி என்னும் நான்கையும் ஒருங்கே அழுத்தினால் கிராபிக்ஸ் செயலி புதிதாய்த் தொடங்கும். இங்குக் கூறிய பி, ஆங்கில எழுத்து வரிசையில் இரண்டாவது. புரொஜெக்டருக்குரிய பி அவ்வரிசையிற் பதினாறாவது. திறந்திருக்கும் கோப்புகளுக்கு இதனால் தீங்கு இல்லை.

மூன்றாம் வினா: கணினி தொடங்குகின்றதா?

நல்ல கேபிளும் நல்ல மானிட்டரும் இணைத்த பின்னும் இருளே நிலவுமாயின் கணினிப் பெட்டியை ஆராய்தல் வேண்டும். பெட்டியினுள் விசிறி சுழல்வது மின்சாரம் உண்டென்பதற்கு மட்டுமே சான்று. கணினி வேலை செய்கின்றதென்பதற்குச் சான்றாகாது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினி, தொடங்கும்போதே தன் உறுப்புகளைச் சோதித்து, நலமாயின் ஒரு குறு ஒலியும், திரைக்குரிய கார்டு குறையுற்றிருப்பின் ஒரு நெட்டொலியும் இரு குற்றொலியும் எழுப்பிற்று. படத்தைக் காட்ட இயலாத இயந்திரம் தன் நோயைக் குரலால் உரைத்ததென்க. அம்மரபு பின்வந்த கணினிகளிலும் பலவாறாகத் தொடர்ந்தது. ஒலிகளின் பொருள் தயாரிப்பாளர்தோறும் வேறுபடுமாகலின் உரிய கையேட்டைப் பார்த்தே துணிதல் வேண்டும். புதிய தாய்ப்பலகைகள் சிலவற்றில் பிராசஸர், நினைவகம், கிராபிக்ஸ், தொடக்கச் சேமிப்பகம் என்னும் நான்கிற்கும் நான்கு சிறு விளக்குகள் உள்ளன. தொடக்கம் எதில் தடைப்பட்டதோ அதற்குரிய விளக்கு எரிந்தவாறே நிற்கும்.

இந்நிலையில் மிகுதியும் ஐயத்திற்குரியது ராம் எனப்படும் தற்காலிக நினைவகம். அதன் தொடுமுனைகளில் தூசு படிந்தாலும், அது தன் பள்ளத்தில் நன்கு அமராவிடினும், விசிறி சுழலத் திரை இருண்டிருக்கும். மின்வடத்தை முற்றிலும் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும். நினைவகப் பட்டைகளை எடுத்து, முனைகளைத் துடைத்து, ஒன்றை மட்டும் வைத்துத் தொடங்கிப் பார்க்க. பின்னர் மற்றதை மட்டும் வைத்துப் பார்க்க. டி.டி.ஆர். 5 வகை நினைவகம் புதிதாய்ப் பொருத்தப்படுங்கால், முதல் தொடக்கத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளுதலும் உண்டு. அவ்விருள் குறையன்று, பொறுத்திருத்தலே அதற்கு மருந்து.

மடிக்கணினிக்கும் இம்முறையே பொருந்தும். வெளித்திரை ஒன்றை இணைத்தவுடன் அதில் படம் தோன்றுமாயின் கணினி நலம். அதன் சொந்தத் திரையோ, மூடியின் கீலினூடே செல்லும் மெல்லிய கேபிளோ பழுதுற்றிருக்கலாம். மூடியைச் சாய்க்குந்தோறும் படம் வந்து மறையுமாயின் அக்கேபிளின்மேல் ஐயம் வலுப்படும்.

நான்காம் வினா: எப்பொழுது இருள்கின்றது?

தொடங்கும்போது தயாரித்தோர் பெயர் திரையில் நன்கு தோன்றி, விண்டோஸ் எழும் வேளையில் மட்டும் இருளுமாயின், மேற்கூறிய கண்ணிகள் பெரும்பாலும் நலமாயுள்ளன என்பது தெளிவு. குறை கிராபிக்ஸ் செயலியிலோ, திரையின் ஆற்றலுக்கு மீறிய அமைப்பிலோ இருத்தல் கூடும். சேஃப் மோடு என்னும் எளிய நிலையில் தொடங்கி, அண்மையில் மாற்றியதை முன்போலாக்குதல் இதற்கு வழி. இருண்ட திரையில் அம்புக்குறி மட்டும் தெரியுமாயின் படம் வந்துகொண்டே இருக்கின்றது. முகப்பைக் காட்டும் நிரல்தான் எழவில்லை. அப்போது மானிட்டரைக் குறை கூறுதல் பயனற்றது.

சில எச்சரிக்கைகள்

இதுகாறும் கூறியவற்றுள் எதற்கும் மானிட்டரையோ, கணினியின் மின்வழங்கிப் பெட்டியையோ திறக்கவேண்டுவதில்லை. திறத்தல் ஆபத்தும் ஆகும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் எனப்படினும், அதன் உச்சம் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவாகிய 325 வோல்ட் ஆகும். மின்வழங்கியினுள் இருக்கும் மின்தேக்கி அவ்வளவினை ஏற்று, பிளக்கைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் தன்பால் வைத்திருக்கக் கூடும். கல்லூரிச் சேமிப்பறைகளில் எஞ்சிக் கிடக்கும் பழைய கண்ணாடிக் குழல் மானிட்டர்களோ இன்னும் கொடியன. 1897ஆம் ஆண்டில் கார்ல் பெர்டினாண்டு பிரௌன் அமைத்த குழலின் வழிவந்த அவற்றுள், வண்ணப்படம் காட்டுவனவற்றில் 20,000 வோல்ட்டிற்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. அணைத்த பின்னரும் அது தங்கியிருக்கும். பயிற்சி பெற்றாரே அவற்றைத் தொடத் தக்கார்.

பழுது பார்ப்பவரிடம் செல்லுதல் இழுக்கன்று. ஒன்றும் அறியாமற் செல்லுதலே இழப்பிற்கு இடம் தருவது. "கணினி ஓடவில்லை" என்று கூறுவார்க்கும், "மானிட்டர் தன் மெனுவைக் காட்டுகின்றது, கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று, நினைவக விளக்கு எரிந்தவாறே நிற்கின்றது" என்று கூறுவார்க்கும் வேற்றுமை பெரிது. முன்னவர் தேவையற்ற பகுதிக்கும் விலை கொடுக்க நேரும். பின்னவர் குறையுற்ற பகுதிக்கே கொடுப்பார். பிறரிடம் ஒப்படைக்குமுன், சேமிப்பகத்தை அழித்து எழுதுதல் கூடாதென்று தெளிவாகச் சொல்லிவைத்தலும் கடமை. மேசைக்கணினியின் சேமிப்பகத்தைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படித்துக்கொள்ளுதல் பெரும்பாலும் இயலும். பிட்லாக்கர் போன்ற பூட்டு இடப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவெண் இன்றியமையாதது. ஆதலின் அவ்வெண்ணைக் கணினிக்கு வெளியே எழுதி வைத்தலும், எழுதியவற்றின் படியொன்றை வேறிடத்திற் காத்தலும் நல்ல நாளிலேயே செய்துகொள்ளத்தக்கன.

ஆய்வுக்கூடத்தில் அமிலமும் காரமும் சோதிக்கும் மாணாக்கர், ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி மற்றவற்றை நிலைநிறுத்தி விளைவைக் குறித்துக்கொள்ளும் நெறியை நன்கு அறிவர். அந்நெறி ஆய்வுக்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடுவதன்று. மேசைமேலிருக்கும் மானிட்டரின் முன்னும் அதுவே வேண்டப்படுகின்றது. விலையில்லாச் சோதனையை முதலிலும் விலையுள்ளதைப் பின்னரும் செய்க. கண்டதைத் தாளிற் குறித்துக்கொள்க. ஒரு கண்ணி நலமென்று தெளிந்த பின்னரே அடுத்த கண்ணிக்குச் செல்க.